பதினேழாம் எண் தாளில் ஒரு பால்செடி

பிப்ரவரி 6

அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

நீங்கள் அனுப்பிய முதல் கட்டு நேற்று மதியம் எங்கள் உலர்செடிக் காப்பகத்துக்கு வந்து சேர்ந்தது. செடி அழுத்திய இருபது தாள், ஒன்றும் நனையவில்லை, ஒன்றும் கிழியவில்லை. தூக்கி வந்த தபால்காரர், "என்னம்மா உள்ள, இவ்ளோ கனமா?" என்று கேட்டார். "காஞ்ச களை" என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் இந்த உத்தியோகத்தையே விட்டுவிடலாம் போல் இருந்தது.

நான் நலமாக இருக்கிறேன். கிழக்கு ஜன்னலின் கொக்கி கழன்றுவிட்டது. செய்தித்தாளை மடித்துச் செருகி வைத்திருக்கிறேன். எனக்கு ஸ்க்ரூ முடுக்கத் தெரியாது என்று நினைக்க வேண்டாம். நீங்கள் வந்து செய்வதற்கு வீட்டில் ஏதாவது ஒரு வேலை இருக்கட்டும் என்றுதான் விட்டு வைத்திருக்கிறேன்.

கட்டு கனம்தான், கூட வந்த கடிதம்தான் கனமில்லை. நாலு வரி. நலம், வெயில் அதிகம், செடி அனுப்பியிருக்கிறேன், உடம்பைப் பார்த்துக்கொள். தந்தி அடிப்பவர்கள்கூட இதைவிட வாய் திறந்து பேசுவார்கள்.

இனி வேலை விஷயம். பதினேழாம் எண் தாளில் ஒரு சிக்கல். லேபிளில் 'கட்டம் 9, திறந்த மணல்வெளி, முகாமிலிருந்து கிழக்கே நாற்பது கிலோமீட்டர்' என்று உங்கள் கையெழுத்தில் இருக்கிறது. செடியோ மணல்வெளிக்காரி இல்லை. உங்களுக்கு மண்ணோடு படர்ந்து, கிள்ளினால் பால் வடிகிற எல்லாமே ஒன்றுதான், தெரியும். ஆனால் லென்ஸ் வைத்துக் காயைப் பாருங்கள். பாலைவனத்துச் செடியாக இருந்தால் காய் முழுக்கப் பூனைமுடி மாதிரி முடி இருக்கும். இதில் காயின் மூன்று விளிம்புகளில் மட்டும் வரிசையாக முடி, நடுவெல்லாம் வழுக்கை. விதையில் குறுக்கே கூர்மையான மேடுகள். இது தோட்டத்துக் களை. பூந்தொட்டி, செங்கல் இடுக்கு, குழாயடி என்று தண்ணீர் சொட்டுகிற இடமாகப் பார்த்து வளர்கிற சுகவாசி. கட்டம் 9-இல் இவளுக்கு யார் தண்ணீர் ஊற்றினார்கள்?

மே மாதம் பாலைவனச் செடிகளின் கையேடு அச்சுக்குப் போகிறது. நீங்கள் கண்டெடுத்த இடமெல்லாம் வரைபடத்தில் புள்ளிகள். ஒவ்வொரு வரைபடத்துக்கும் அடியில் 'உறுதி செய்தவர்' என்று என் பெயர். ஆகையால் விளக்கமாகப் பதில் எழுதவும், நாலு வரியில் வேண்டாம்.

உங்கள் வீட்டுக்காரி


பிப்ரவரி 15

என் அன்பான லென்ஸுக்கு,

உன் கடிதம் வந்தது. நாலு வரிக்கு நீ இவ்வளவு கோபப்படுவாய் என்று தெரிந்திருந்தால் ஐந்தாவது வரியாக 'உன் நினைவாகவே இருக்கிறேன்' என்று சேர்த்திருப்பேன். இப்போது சேர்த்துக்கொள்.

இங்கே எழுத என்ன இருக்கிறது? கூடாரம், மணல், மறுபடி கூடாரம். சாப்பாட்டில் மணல், செருப்பில் மணல். தண்ணீர் லாரி வாரத்துக்கு இரண்டு முறைதான் வருகிறது. குடிக்கவும் வாய் கொப்பளிக்கவும் சரியாகப் போகிறது. நான் சவரம் செய்து இரண்டு மாதம் ஆகிறது. ஜீப் டிரைவர் என்னைச் 'சாமியாரே' என்று கூப்பிடுகிறார். நீ பார்த்தால் கதவைத் திறக்க மாட்டாய்.

பதினேழாம் எண்ணுக்கு வருகிறேன். அதில் மர்மம் ஒன்றும் இல்லை. லாரிகள் போகிற வழிதானே, சக்கரத்தில் ஒட்டிய சேற்றோடு விதை வந்து விழுந்திருக்கும். பெரிய மழை ஒன்று பெய்ததல்லவா, முளைத்திருக்கும். நான் கண்டேன், பிடுங்கினேன், அழுத்தினேன். பொறுக்குவது என் வேலை, பெயர் சொல்வது உன் வேலை என்று கல்யாணமான வருஷமே பிரித்துக்கொண்டோமே.

இன்னொரு கட்டு இத்துடன் அனுப்புகிறேன், பதினான்கு தாள். இனிமேல் எனக்குக் கடிதம் போடுவதானால் முகாம் முகவரிக்கு வேண்டாம், ஜங்ஷன் தபால் நிலையத்தில் வைத்திருக்கும்படி எழுது. டிரைவர் அங்கே போகும்போது வாங்கி வருவார். முகாமுக்கு வருகிற தபால் தொலைந்து போகிறது.

ஜன்னலில் செய்தித்தாள் போதாது, அட்டை வை. காற்று மாறும் மாதம்.

அன்புடன்,
சாமியார்


பிப்ரவரி 24

அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

இரண்டாவது கட்டையும் பார்த்துவிட்டேன். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

23, 26, 29, 30. நாலு தாளிலும் அதே தோட்டத்துக் களை. நாலுக்கும் நாலு வேறு கட்டங்களின் பெயர் எழுதியிருக்கிறீர்கள், ஒன்றுக்கொன்று முப்பது கிலோமீட்டர் தூரம். உங்கள் லாரி சக்கரம் நன்றாகத்தான் சுற்றியிருக்கிறது. சரி, சுற்றட்டும். 26-இன் வேரில் பாசி ஒட்டியிருக்கிறதே, அது எப்படி? பச்சைப் பாசி, வெல்வெட் மாதிரி. வாய் கொப்பளிக்கவே தண்ணீர் இல்லாத இடத்தில் பாசி பிடிக்கிறதா?

தாள்களில் செடிகளை ஒட்டுகிற அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்ன மேடம், வீட்டுக்காரர் செடி அனுப்பினா சந்தோஷமா இருப்பீங்க, இப்ப இப்படி உம்முனு இருக்கீங்க" என்றார். ஒன்றும் இல்லை என்றேன். அவருக்கு மூக்கு வேர்த்துவிட்டது. மதியம் டீ குடிக்கும்போது தானாகவே ஆரம்பித்தார். "ஆம்பளைங்க தொட்டிச் செடிக்குத் தண்ணி ஊத்த மாட்டாங்க மேடம். அது எங்க இருந்தாலும் ஒரு பொம்பளை ஊத்துறதுதான்." நான் எழுந்து போய்க் கையைக் கழுவினேன். கழுவின கையையே மறுபடி கழுவினேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். போன வருடம்வரை உங்கள் கடிதத்தைப் பிரித்தால் மேசையில் மணல் கொட்டும். திட்டிக்கொண்டே துடைப்பேன். இந்த இரண்டு கடிதத்திலும் ஒரு மணல்கூட இல்லை. உறையைக் கவிழ்த்துத் தட்டிக்கூடப் பார்த்தேன்.

நான் சண்டைக்கு வரவில்லை, ஒரு செடிதான் கேட்கிறேன். பதினேழாம் எண் செடி எங்கே இருந்ததோ அதே இடத்திலிருந்து, முற்றிய காயோடு, வேரோடு, ஒரு கை மண்ணோடு தோண்டி டப்பாவில் அடைத்து அனுப்புங்கள். அழுத்த வேண்டாம், கழுவவும் வேண்டாம்.

அங்கே உங்களோடு யார் இருக்கிறார்கள்?

உங்கள் வீட்டுக்காரி


மார்ச் 4

அன்புள்ள லென்ஸ்,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். மூன்றாவது முறை எனக்கும் கோபம் வந்தது.

ஒட்டுகிற அக்கா பேச்சைக் கேட்டுக்கொண்டு புருஷனை விசாரிக்கிற ஆள் நீ இல்லை. என்னோடு யாரும் இல்லை. டிரைவர் இருக்கிறார், சமையல்காரர் இருக்கிறார், இரண்டு பேருக்கும் மீசை இருக்கிறது. போதுமா? மணல் கொட்டவில்லை என்பதெல்லாம் ஒரு குற்றச்சாட்டா? மேசையைத் துடைத்துவிட்டு எழுதினேன், அவ்வளவுதான்.

உன் காப்பகத்துக்கு அந்த மொட்டைக் கடிதம் வந்தபோது ஊரே உன்னைச் சந்தேகப்பட்டது. எட்டு மாதம் உன்னை வேலையைவிட்டு நிறுத்தி வைத்தார்கள். அந்த எட்டு மாதத்தில் நான் உன்னை ஒரு கேள்வி கேட்டேனா? நீ அப்படிச் செய்திருப்பாயா என்று வாயைத் திறந்தேனா? அதை ஒருமுறை நினைத்துப் பார்.

கேட்ட செடியை டப்பாவில் அனுப்பியிருக்கிறேன், மண்ணோடு, கட்டம் 9-இன் மணலோடு. கூடவே மீதிக் கட்டு, 35 முதல் 46 வரை. இத்துடன் இந்த வருடக் கணக்கெடுப்பு முடிந்தது. பார்த்துத் திருப்தி அடைந்துகொள்.

உடம்பைப் பார்த்துக்கொள். கோபமாக இருந்தாலும் அதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

இப்படிக்கு,
மீசைக்காரர்கள் நடுவில் இருக்கும் உன் புருஷன்


மார்ச் 14

அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

டப்பா வந்து ஐந்து நாள் ஆகிறது. பதில் எழுத இவ்வளவு நாள் எடுத்துக்கொண்டது வேலை மிகுதியால் இல்லை. எழுதினால் உண்மையாகிவிடுமே என்ற பயம்.

டப்பாவை என் மேசையில் வெள்ளைத் தாள் விரித்துக் கவிழ்த்தேன். மேலே அரை விரல் உயரத்துக்கு அழகான மஞ்சள் மணல். அதை ஊதினால் உள்ளே கறுப்பு மண், ஈரம்கூடக் காயவில்லை, ஒரு செங்கல் துண்டு, கொஞ்சம் சோப்பு நுரை காய்ந்த பொருக்கு. ஆக, மணலைக் கொண்டுவந்து மேலே தூவியிருக்கிறீர்கள். பதினெட்டு வருடமாக லென்ஸோடு குடித்தனம் நடத்துகிறவளுக்கா காதில் பூச்சுற்றுகிறீர்கள்?

உண்மையைச் சொல்கிறேன். அதுவரை நான் ஒரு பெண்ணைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவளுக்கு ஒரு வீடு கட்டினேன், முற்றம் வைத்தேன், தொட்டிகள் வைத்தேன். அவள் நீள முடியைக்கூட வேரில் தேடினேன். என் லென்ஸை ஒரு பெண்ணின் முடி தேடப் பயன்படுத்துவேன் என்று கனவிலும் நினைத்ததில்லை. கண்ணில் நீர் கோத்து லென்ஸே மங்கிவிட்டது.

முடி கிடைத்தது. ஆனால் நீளமானது இல்லை. இரண்டு மில்லிமீட்டர் துண்டுகள், இருபதுக்கு மேல், வேர்களுக்கு நடுவில் சிக்கியிருந்தன. கத்தியால் வெட்டிய நுனி. சவர முடி. எல்லாம் நரைத்தவை.

உங்களுக்கு ஒரு நரைகூட இல்லை. சவரம் செய்து இரண்டு மாதம் ஆகிறது என்றும், முகாமில் வாய் கொப்பளிக்கத்தான் தண்ணீர் இருக்கிறது என்றும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். முற்றத்தில், தண்ணீர் ஓடுகிற இடத்தில், நரைத்த ஒருவருக்கு அடிக்கடி சவரம் நடக்கிறது. தானாகப் போய்ச் செய்துகொள்ள முடிந்தால் மனிதர் கண்ணாடி முன்னால் செய்துகொள்வாரே, மண்ணில் ஏன் கொட்டப் போகிறது? யாரோ ஒருவரை உட்கார வைத்து நீங்கள் செய்துவிடுகிறீர்கள். கடிதத்தையும் ஜங்ஷனுக்குத்தான் போடச் சொன்னீர்கள். அங்கே நமக்குத் தெரிந்தவர், முப்பது வயதிலேயே முழுக்க நரைத்தவர் ஒருவர்தான். பம்ப் மெக்கானிக்.

உங்கள் தம்பி.

செடித் தாள்களின் லேபிள்களை நான் எடுத்துவிட்டு வேறு இடம் எழுதி ஒட்டுவதாகக் காப்பகத்துக்கு மொட்டைக் கடிதம் எழுதியவர். கையெழுத்து இல்லை, பெயர் இல்லை. ஏழு என்ற எண்ணுக்கு நடுவில் கோடு போடுகிற பழக்கம் மட்டும் இருந்தது. அதைப் பார்த்ததும் நீங்களே வெளிறிப்போனீர்கள். எதற்காக எழுதினார் என்று இன்றுவரை சரியாகத் தெரியாது. அண்ணன் தன்னைவிட்டு என் பேச்சைக் கேட்கிறான் என்று யாரிடமோ புலம்பினாராம். அதற்காக ஒருத்தியின் சோற்றில் கை வைப்பதா? எட்டு மாதம் நான் வீட்டில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது நீங்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவனைத் தலைமுழுகிட்டேன், இனி அவன் வாசலை மிதிக்க மாட்டேன்" என்றீர்கள். நான் கேட்டு வாங்கிய சத்தியம் இல்லை அது. நீங்களாகச் சொன்னது.

ஆமாம் அல்லது இல்லை. ஒரு வரி போதும். இந்த முறை நாலு வரி வேண்டாம்.

உங்கள் வீட்டுக்காரி


மார்ச் 22

என் அன்பானவளுக்கு,

ஆமாம்.

டிசம்பரில் தண்ணீர்த் தொட்டி மேலே ஏறி வேலை செய்தபோது ஏணி சரிந்து விழுந்துவிட்டான். இடுப்பெலும்பு. மருத்துவமனையில் தகடு வைத்து மூன்று வாரத்தில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, பார்க்க ஆள் இல்லை. பக்கத்துக் கடைக்காரர் முகாமுக்குத் தகவல் சொல்லி அனுப்பினார். ஒரு நாள் பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்றுதான் போனேன். போனபோது அவன் படுக்கையிலேயே இருந்த நிலையை எழுத விரும்பவில்லை. அன்றைக்கு அவனைத் தூக்கி முற்றத்தில் கட்டிலில் கிடத்திக் குளிப்பாட்டினேன். மறுநாளும் குளிப்பாட்ட வேண்டுமே. அப்படியே மூன்று மாதம் ஆகிவிட்டது.

அந்தத் தண்ணீர் ஓடுகிற செங்கல் இடுக்கில்தான் அந்தச் செடி. பார்ப்பதற்கு மணல்வெளிச் செடி மாதிரியே இருந்தது, சத்தியமாக எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. கட்டங்களுக்குப் போனால் நாலு நாள் ஆகும், அவனை விட்டுவிட்டுப் போக முடியாது. காலையில் ஒரு மணி நேரம் பஸ் ரோட்டு ஓரமாக நடந்து கிடைத்ததைப் பிடுங்குவேன். மீதியை முற்றத்தில் எடுத்தேன். பத்து நாளைக்கு ஒருமுறை முகாமுக்குப் போய்க் கையெழுத்து போட்டுவிட்டு வருவேன். டிரைவருக்குத் தெரியும், சொல்லமாட்டார்.

அந்த மொட்டைக் கடிதத்தைப் பற்றி நாங்கள் பேசுவதே இல்லை. உன் கடிதம் ஒன்று கட்டில்மேல் கிடந்ததைப் பார்த்து, "அண்ணி எழுத்தா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டான். அவ்வளவுதான்.

உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் நீ 'போகாதே' என்பாய் என்று பயந்தேன் என்று எழுத நினைத்தேன், அதுகூடச் சரியில்லை. நீ 'போங்கள்' என்று சொல்லிவிட்டு அழுவாய் என்று பயந்தேன். அதை என்னால் தாங்கியிருக்க முடியாது.

தாள்களைப் பற்றிக் கவலைப்படாதே. எவை எவை எங்கே எடுத்தது என்று எனக்கு ஓரளவு தெரியும். புதிய லேபிள்கள் எழுதி அனுப்புகிறேன், அதே பேனா, அதே மை. பழையதை மெதுவாக நனைத்து எடுத்துவிட்டு இவற்றை ஒட்டிவிடு. யாருக்கும் தெரியப் போவதில்லை. கையேடும் கெடாது, உன் பெயரும் கெடாது, என் வேலையும் போகாது.

மன்னித்துவிடு என்று கேட்க வாய் வரவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன்
அவன்


மார்ச் 30

வணக்கம்.

இதை மனைவியாக எழுதுகிறேனா, காப்பகத்து அலுவலராக எழுதுகிறேனா என்று எனக்கே தெரியவில்லை. படிக்கிற நீங்கள் முடிவு செய்துகொள்ளுங்கள்.

தம்பியைப் பார்க்கப் போனதற்காக நான் உங்களைக் குறை சொல்லமாட்டேன். இடுப்பு ஒடிந்து கிடப்பவரைக் குளிப்பாட்டாதே என்று சொல்கிற கல்நெஞ்சுக்காரி என்று என்னை இத்தனை நாள் நினைத்துவிட்டீர்கள் பாருங்கள், அது வலிக்கிறது. அதை இன்னொரு நாள் பேசலாம்.

மொட்டைக் கடிதத்தில் என்ன எழுதியிருந்தது? நான் லேபிளை எடுத்துவிட்டு வேறு லேபிள் ஒட்டுகிறேன் என்று. விசாரணையில் பதினோராயிரம் தாள்களை ஒவ்வொன்றாகத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்கள். ஒரு தாளில்கூட அப்படி இல்லை. அதனால்தான் நான் மறுபடி இந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். இப்போது நீங்கள் அதையே செய்யச் சொல்லி எழுதியிருக்கிறீர்கள், அதே பேனா, அதே மை என்று வழியும் சொல்லிக்கொடுத்து. உங்கள் தம்பி என்மேல் பொய் சொன்னார். நீங்கள் அந்தப் பொய்யை மெய்யாக்கித் தரச் சொல்கிறீர்கள். இரண்டில் எது பெரிய அடி என்று மூன்று நாளாக யோசிக்கிறேன். தம்பி அடித்தபோது சாய்ந்துகொள்ள நீங்கள் இருந்தீர்கள்.

இங்கே வழக்கம் என்னவென்று உங்களுக்குத் தெரியும். ஒட்டிய லேபிளை யாரும் எடுப்பதில்லை, தப்பாகவே இருந்தாலும். பக்கத்தில் ஒரு திருத்தச் சீட்டு ஒட்டி, எது தப்பு, யார் திருத்தினார், என்றைக்கு என்று எழுதுவோம். தப்பும் தெரியும், திருத்தியதும் தெரியும். பதினெட்டு வருடத்தில் என்னுடைய தப்புகளுக்கே நாற்பது சீட்டு ஒட்டியிருக்கிறேன், வெட்கப்பட்டதில்லை.

நாற்பத்தாறு தாள்களையும் தனியாக எடுத்து அலமாரியில் பூட்டிவிட்டேன். அதில் ஒன்றுகூடக் கையேட்டுக்குப் போகாது. ஏப்ரல் பத்தாம் தேதி காப்பகத் தலைவரிடம் நானே சொல்லப் போகிறேன். அதற்கு முன்னால் நீங்கள் எழுதினால் அது உங்கள் வார்த்தை. இல்லையென்றால் அது என் புகார். எனக்கு இரண்டாவது வேண்டாம். ஆனால் செய்வேன்.

பதில் எனக்கு வேண்டாம். தலைவருக்கு எழுதுங்கள்.

(கையெழுத்து)


ஏப்ரல் 6

அன்புள்ள லென்ஸ்,

உனக்குப் பதில் வேண்டாம் என்று சொல்லிவிட்டாய். இது பதில் இல்லை, தலைவருக்கு எழுதியதன் நகல். இத்துடன் இருக்கிறது.

நாற்பத்தாறில் இருபத்தேழு உண்மை. டிசம்பருக்கு முன்னால் நான் கட்டங்களுக்குப் போய் எடுத்தவை, நாட்குறிப்பிலும் இருக்கின்றன. பதினாறு பொய். அதில் ஒன்பது தம்பி வீட்டு முற்றம், ஏழு பஸ் ரோடு. மூன்று எனக்கு நினைவில்லை: 11, 14, 20. கட்டம் 6-இன் கல்மேட்டில் எடுத்த ஞாபகம், ஆனால் சத்தியம் செய்யமாட்டேன். 'நிச்சயமில்லை' என்று எழுதிவிட்டேன். பொய் எழுதும்போது நிமிஷத்தில் வந்துவிட்டது. இந்தப் பட்டியலை எழுத இரண்டு நாள் ஆனது.

தபாலில் போட்ட கையோடு தலைவருக்குத் தொலைபேசியிலும் சொல்லிவிட்டேன். திட்டவில்லை. "இந்த வருஷம் உங்களுக்கு வேலை கிடையாது, ஜீப்பை ஒப்படைச்சிடுங்க" என்றார். அடுத்த வருடம் பற்றி நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கடைசியாக, "உங்க வீட்ல சொல்லித்தான் எழுதினீங்களா?" என்றார். ஆமாம் என்றேன். "நல்லது" என்று வைத்துவிட்டார்.

எனக்கு வீட்டுக்கு வர வேண்டும்போல் இருக்கிறது. ஆனால் வரமாட்டேன். அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு நாலு அடி நடக்க ஆரம்பித்திருக்கிறான். தனியாகக் குளிக்க இன்னும் இரண்டு மாதம் ஆகும் என்கிறார்கள். இதை உன்னிடம் அனுமதி கேட்டு எழுதவில்லை, ஒளிக்காமல் எழுதுகிறேன்.

பட்டியலைத் தபாலில் போடுவதற்கு முன்னால் அவனுக்குப் படித்துக் காட்டினேன். முழுவதையும் கேட்டான். பிறகு, "அண்ணிகிட்ட நான் மன்னிப்புக் கேட்டேன்னு எழுதிடு" என்றான். "நீயே எழுதேன், கை நல்லாத்தானே இருக்கு" என்றேன். "எனக்கு எழுத வராதுண்ணா. நீ எழுதிடு" என்றான். எழுதிவிட்டேன்.

நீ என்னைச் சந்தேகப்பட்டது சரிதான். உன்னை நான் சந்தேகப்பட்டேன், நீ தாங்கமாட்டாய் என்று. அதுதான் தப்பு.

உன்
அவன்


ஏப்ரல் 17

அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

பட்டியல் வந்தது. தலைவர் அதை என் மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். ஒட்டுகிற அக்காவும் நானும் பதினாறு திருத்தச் சீட்டுகளை இரண்டு நாளில் ஒட்டி முடித்தோம். அவருக்கு விஷயத்தைச் சொன்னேன், பெண் யாரும் இல்லை, கொழுந்தன் என்று. "அட, தம்பிதானா" என்று நிம்மதியாகச் சிரித்தார். எனக்கும் அப்படிச் சிரிக்க ஆசைதான். ஒரு பெண்ணாக இருந்திருந்தால் ஒரே சண்டையில் முடித்திருப்பேன். இதை எங்கே கொண்டுபோய் முடிப்பது என்று தெரியவில்லை.

நான் இன்னும் உங்களை நம்பவில்லை. அதை ஒளிக்காமல் எழுதுகிறேன். இருபத்தேழும் உண்மை என்று நீங்கள் எழுதியதைப் படித்தவுடன் நாட்குறிப்பை வரவழைத்துத் தேதி தேதியாகச் சரிபார்த்தேன். சரியாக இருந்தது. சரியாக இருந்தபோது எனக்கு அழுகை வந்தது. எதற்கென்று தெரியவில்லை.

மூன்று தாள் பாக்கி இருக்கிறது. நிச்சயமில்லை என்று எழுதப்பட்ட தாளை அலமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு என்னால் தூங்க முடியாது. தலைவரிடம் பத்து நாள் விடுப்பு வாங்கிவிட்டேன். வியாழக்கிழமை மதிய பஸ்ஸில் ஜங்ஷன் வந்து இறங்குகிறேன். டிரைவரிடம் கெஞ்சியோ வேறு வண்டி பிடித்தோ என்னைக் கட்டம் 6-இன் கல்மேட்டுக்கு அழைத்துப் போங்கள். அந்தச் செடி அங்கே இருந்தால் இருக்கிறது என்று எழுதுவோம். இல்லாவிட்டால் இல்லை என்று எழுதுவோம். வெயிலில் காய்ந்து போயிருந்தாலும் விதை மண்ணில் கிடக்கும், லென்ஸ் கொண்டு வருகிறேன். நாம் போய் வருகிற அன்றைக்குத் தம்பியைப் பார்த்துக்கொள்ளக் கடைக்காரரிடம் சொல்லி வையுங்கள்.

உங்களோடு நடந்து பேசிப் பார்க்கிறேன். அதற்குப் பிறகு நீங்கள் வீட்டுக்கு வருவதா, நான் தனியாகத் திரும்புவதா என்று எனக்கே தெரியும் என்று நினைக்கிறேன்.

உங்கள் தம்பியிடம் நான் வருவதைச் சொல்லுங்கள். அவரைப் பார்க்க வரவில்லை, ஆனால் அவர் வீட்டு முற்றத்துக்கு வருவேன். அங்கிருந்து வந்த ஒன்பது தாள்களிலும் 'இடம் தவறு' என்று சீட்டு ஒட்டியாயிற்று. சரியான இடம் எது என்று இன்னும் எழுதவில்லை, அதற்கு இன்னொரு சீட்டு ஒட்டப் பக்கத்தில் இடம் விட்டு வைத்திருக்கிறேன். ஒன்பது காலிச் சீட்டுகளை எடுத்து வருகிறேன். அவற்றை நீங்கள் எழுத வேண்டாம், நானும் எழுதமாட்டேன். எந்த ஊர், யார் வீடு, எந்த முற்றம், எந்தத் தண்ணீரில் வளர்ந்தது என்று அந்த வீட்டுக்காரரே தன் கையால் எழுதட்டும். மன்னிப்பு அதற்கு அப்புறம்.

எழுத வராது என்று சொல்வார். முன்பு நன்றாகவே எழுதினார் என்று சொல்லுங்கள். இந்த முறை அடியில் பெயரும் போடச் சொல்லுங்கள்.

உங்கள் வீட்டுக்காரி